பரணில் கிடக்கும் லேப்டாப்

எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மஞ்சள் துணிப்பையில் ஒரு லேப்டாப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மூடியின் மேல் தமிழ்நாடு அரசு முத்திரை. மூத்த மகள் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்தது. அந்த மகளுக்குக் கல்யாணமாகி, குழந்தையும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. லேப்டாப் மட்டும் பரண் மேலேயே இருந்திருக்கிறது.

“தம்பி, ஆன் ஆகுது. ஆனா டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்கு. பழைய இரும்பு எடுக்கிறவரு இருநூறு ரூபா தரேன்னாரு. குடுத்துடவா?”

இதே கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் போய்ச் சேர்ந்தன. அவற்றில் எத்தனையோ இன்று பீரோவின் அடித்தட்டிலும் பரணிலும் சார்ஜர் வயர் சுற்றியபடி கிடக்கின்றன. சொந்தக் காசில் வாங்கிய லேப்டாப்புகளின் கதையும் இதுவே. “லைட்டான ஓஎஸ் போட்டா பறக்கும்” என்று ஒருவர் சொல்வார். “அதெல்லாம் வேலைக்கு ஆகாது” என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டால், எடைக்குப் போடுவதா வேண்டாமா என்பதை யாரையும் கேட்காமல் நாமே முடிவு செய்யலாம்.

லேப்டாப்புக்கு நம்மைப் போல மூப்பு வருவதில்லை. 2012-இல் வந்த பிராசஸர் அன்று ஒரு நொடியில் எத்தனை கணக்குப் போட்டதோ, அத்தனையை இன்றும் போடும். விசிறியில் தூசி அடைத்துச் சூடேறினால், கருகிப்போகாமல் இருக்க அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியைத் தட்டிச் சுத்தம் செய்தால் பழைய வேகம் திரும்பும். சுழலும் ஹார்டு டிஸ்க்கும் பேட்டரியும் தேய்மானம் காணும் பொருள்கள். மற்றபடி மாறியது, அதன் தலையில் நாம் ஏற்றும் சுமை. இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இயங்குதளம் பெருத்தது, பிரவுசர் பெருத்தது, ஒவ்வொரு இணையப் பக்கமும் பெருத்தது. பழைய லேப்டாப் அதே இடத்தில் நின்றது.

அக்காவுக்கு அவர் கடையை வைத்தே இதைச் சொன்னேன். கடையில் ஒரு தையல் மெஷின், துணி விரித்து வெட்ட ஒரு மேசை, துணிகளை அடுக்கி வைக்க ஒரு பீரோ. லேப்டாப்பில் பிராசஸர்தான் மெஷின், ரேம்தான் மேசை, ஹார்டு டிஸ்க்தான் பீரோ. மெஷின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் மேசையில் துணி விரிக்க இடம் வேண்டும். மேசை நிறைந்துவிட்டால் ஒரு துணியை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துவர வேண்டும். அதற்குள் முதல் துணி தேவைப்படும், மறுபடி நடை. திரையில் சுற்றும் வட்டம் இந்த நடைதான்.

அக்காவின் லேப்டாப்பில் மேசையின் அளவு 2 ஜிபி. இடையில் ஏதோ ஒரு சர்வீஸ் கடையில் அதில் விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். விண்டோஸ் 10-இன் 64 பிட் வகைக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச ரேமே 2 ஜிபி. கடை திறந்ததுமே மேசை முழுக்கக் கடைக்காரரின் சாமான், துணிக்கு இடமில்லை. போதாததற்கு பீரோ மாடியில் இருக்கிறது. சுழலும் தட்டுள்ள பழைய ஹார்டு டிஸ்க்கில் கேட்ட இடம் ஊசிமுனைக்குக் கீழே வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு காத்திருப்பும் நொடியில் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் விண்டோஸ் எழுந்து வர ஆயிரக்கணக்கான தடவை அப்படி மாடி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

“அப்ப மெஷின்ல கோளாறு இல்ல?” என்றார் அக்கா. இல்லை.

லைட்டான இயங்குதளம் செய்யும் வேலை இங்கேதான் வருகிறது. மெஷினை வேகப்படுத்தும் சக்தி அதற்குக் கிடையாது. மேசையில் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் இடத்தை அது குறைத்துக்கொள்கிறது, அவ்வளவே. மிச்ச இடம் நம் வேலைக்கு. இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். இயங்குதளத்தின் சுமையை இறக்கலாம். பிரவுசரின் சுமை அப்படியே இருக்கும். லைட்டான இயங்குதளமாக லினக்ஸைப் போட்டாலும் பத்து டேப் திறந்தால் 2 ஜிபி லேப்டாப் தடுமாறத்தான் செய்யும்.

லினக்ஸ் என்று சொன்னதும் சிலர் முகம் மாறும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து நினைவுக்கு வரும் போலிருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது 1991 ஆகஸ்ட் 25 அன்று அறிவித்த லினக்ஸ் கர்னல்தான் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இன்று ஆண்ட்ராய்டு போன்களுக்குள்ளும் ஓடுகிறது. லினக்ஸைத் தொடாதவர் நம்மிடையே அநேகமாக இல்லை. இன்னொன்று: அரசு லேப்டாப்புகளில் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. நான் பார்த்தவரை அதை யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை. முதல் தடவை ஃபார்மட் அடித்தபோதே அது போய்விட்டது. அக்காவின் லேப்டாப்பிலும் அப்படித்தான்.

லைட் லினக்ஸ் என்று தனியாக ஒன்று இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் கர்னல் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றே. துணி ஒன்றுதான், மேலே செய்யும் வேலைப்பாடு எவ்வளவு என்பதில்தான் எடை கூடுவதும் குறைவதும். ஜன்னல்கள், மெனு, நிழல், அசைவு என்று நம் கண்ணுக்குத் தெரியும் மேல்பூச்சை டெஸ்க்டாப் என்பார்கள். அதில் ஆரி வேலை வைத்ததும் உண்டு, சாதாரணத் தையலோடு நிற்பதும் உண்டு. எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி இரண்டும் எளிய தையல். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு எழுந்து நின்றதும் ஏறக்குறைய 700, 800 எம்பி எடுத்துக்கொள்ளும். ஆன்டிஎக்ஸ் 300 எம்பிக்குள் அடங்கிவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் குறுகியது. ரேம் 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. விண்டோஸ் பழகிய கைக்கு அதில் எதுவும் அந்நியமாகத் தெரியாது. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. 2 ஜிபிதான், கூட்டவும் வழியில்லை என்றால் எம்எக்ஸ் லினக்ஸின் ஃபிளக்ஸ்பாக்ஸ் பதிப்பு அல்லது ஆன்டிஎக்ஸ். அவற்றின் முகம் கொஞ்சம் பழகவேண்டியது, பாதகமில்லை. லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகை உண்டு. எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தேர்ந்தெடுப்பேன் என்று உட்கார்ந்தால் லேப்டாப் மறுபடி பரணுக்கே போகும்.

ஏன் விண்டோஸிலேயே இருக்கக் கூடாது என்ற கேள்வி நியாயமானது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் ஆதரவு நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் கூடுதலாக ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் அது 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸரோ அதற்குப் புதியதோ இருக்க வேண்டும். 2012, 2013-இல் வந்த லேப்டாப்புக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. அப்டேட் நின்ற இயங்குதளத்தில் பாட்டுக் கேட்பதில் ஆபத்தில்லை. அதில் பேங்க் கணக்கைத் திறப்பது ஆபத்து.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. ‘லைட் விண்டோஸ்’ என்ற பெயரில் சில கடைகளில் ஒன்றைப் போட்டுத் தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் அப்படி எதையும் வெளியிடவில்லை. முகம் தெரியாத யாரோ விண்டோஸைப் பிரித்து, பல பாகங்களைப் பிடுங்கிவிட்டு மறுபடி கட்டியது அது. பிடுங்கியதில் பாதுகாப்புக்கான பாகங்களும் இருக்கலாம். உள்ளே எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் நமக்கு வழியில்லை. சில வாரம் வேகமாக ஓடும் என்பது உண்மை. ஆனாலும் வேண்டாம் என்பேன். அந்த லேப்டாப்பில்தான் நாம் பாஸ்வேர்டை அடிக்கப்போகிறோம்.

அக்காவின் லேப்டாப்பை மேசை மேல் வைத்ததும் முதலில் கவிழ்த்துப் பார்த்தேன். பல வருடம் கிடந்த லேப்டாப்பில் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அடிப்பக்கம் வீங்கியிருந்தாலோ, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ சார்ஜ் போடக் கூடாது. உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. குத்தவோ அழுத்தவோ கூடாது, தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றிவிட வேண்டும். அந்தக் காலத்து லேப்டாப்புகள் பலவற்றில் பேட்டரியைத் தனியாகக் கழற்றலாம். அது இல்லாமலும் சார்ஜரிலேயே ஓடும். அக்காவுடையதில் பேட்டரி உப்பவில்லை. வெறுமனே செத்திருந்தது. கழற்றி வைத்துவிட்டோம்.

அடுத்தது பென்டிரைவ். 8 ஜிபி இருந்தால் தாராளம். இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். லினக்ஸ் வகைகள் ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாக, ஏறக்குறைய 3 ஜிபி அளவில் இறங்கும். அதை இழுத்துப் பென்டிரைவில் போட்டால் லேப்டாப் அதிலிருந்து எழாது. ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற சிறு மென்பொருளைக் கொண்டு எழுத வேண்டும். அப்போது பென்டிரைவில் ஏற்கெனவே இருந்தது முழுக்க அழியும். வென்டாய் என்று ஒன்று இருக்கிறது. அதை ஒருமுறை பென்டிரைவில் போட்டுவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ கோப்பைச் சும்மா காப்பி செய்தாலே போதும். இரண்டு மூன்று வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க விரும்புகிறவர்களுக்கு அது வசதி.

ஐஎஸ்ஓவை அந்தந்த லினக்ஸின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். இறக்கியபின், அங்கே கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணோடு நம் கோப்பின் எண் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். வீண் வேலை என்று தோன்றும். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே ஆட்கள் புகுந்து, களவாணித்தனம் சேர்த்த ஐஎஸ்ஓவுக்குத் தொடுப்பை மாற்றிவிட்டார்கள். அன்று இந்தச் சரிபார்ப்பை முறையாகச் செய்தவர்கள் பிழைத்தார்கள். ஐந்து நிமிட வேலைதான்.

பென்டிரைவைச் செருகி, லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்12 பொத்தானை விட்டு விட்டுத் தட்ட வேண்டும். சில கம்பெனிகளில் அது எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். எதிலிருந்து எழுவது என்று ஒரு பட்டியல் வரும். பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்களுக்கு நான்காவது முயற்சியில்தான் வந்தது.

இப்போது நடப்பதுதான் லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஹார்டு டிஸ்க்கில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், பென்டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் எழுந்து வந்து நிற்கும். லைவ் என்பார்கள். துணியை வெட்டுவதற்கு முன் உடம்பில் வைத்துப் பார்ப்பது போல. வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பாடுகிறதா, கீபோர்டில் எல்லா எழுத்தும் விழுகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பொறுமையாகச் சோதிக்கலாம். பழைய லேப்டாப்புகளில் தகராறு செய்வது பெரும்பாலும் வைஃபைதான். சில பிராட்காம் சில்லுகளுக்கு டிரைவர் தனியாகப் போட வேண்டியிருக்கும். அப்படியானால் போனை யூஎஸ்பி வயரில் இணைத்து, அதன் இன்டர்நெட்டைக் கடன் வாங்கி டிரைவரை இறக்கலாம். லினக்ஸே பிடிக்கவில்லையென்றால் அணைத்துப் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால் போதும், லேப்டாப் பழையபடி விண்டோஸோடு இருக்கும்.

லைவுக்கு இன்னொரு பயனும் உண்டு, அதை அன்று கண்கூடாகப் பார்த்தோம். விண்டோஸ் முழுதாக எழுந்து வர மறுத்த அந்த ஹார்டு டிஸ்க்கை லைவில் திறந்தேன். ‘நியூ ஃபோல்டர் (2)’ என்று ஒன்று. அதற்குள் மகளின் பிளஸ் டூ பிரியாவிடை நாள் படங்கள். நீலத் தாவணி, தலை நிறைய மல்லிகை, கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸில் எழுதிய தோழிகளின் பெயர்கள். ஒரு படத்தில் அக்காவின் வீட்டுக்காரர், தாவணி கட்டிய மகளுக்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். அவர் இறந்து ஆறு வருடமாகிறது. அக்கா திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இந்தப் படம் எங்கிட்ட இல்லவே இல்லையே தம்பி” என்றார்.

இருநூறு ரூபாய்க்குப் போயிருந்தால் அந்தப் படமும் போயிருக்கும். அதனால்தான் பேக்கப் என்பதை ஒரு சடங்காக நினைக்க வேண்டாம் என்கிறேன். படங்கள், மார்க் ஷீட் ஸ்கேன், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் எல்லாவற்றையும் வேறொரு பென்டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ காப்பி செய்து, அதை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பார்த்துவிட வேண்டும். எழுதுவதோடு நிறுத்திவிடக் கூடாது. அதன் பிறகுதான் அடுத்த அடி.

நிறுவும் வேலை உண்மையில் சின்னது. திரையிலுள்ள இன்ஸ்டால் படத்தைச் சொடுக்கினால் மொழி கேட்கும். பட்டியலில் தமிழும் உண்டு. வீடியோ, பாட்டு ஓடத் தேவையான கோடெக்குகளைச் சேர்க்கட்டுமா என்று கேட்கும், சரி என்று டிக் செய்ய வேண்டும். பிறகு வரும் கேள்வி ஒன்றே ஒன்றில்தான் மூச்சை நிறுத்திப் படிக்க வேண்டும்: டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டுப் போடட்டுமா, விண்டோஸின் பக்கத்திலேயே போடட்டுமா? அழித்தால் எல்லாம் போய்விடும், சி டிரைவ் மட்டுமல்ல, டி, இ எல்லாம். “சி டிரைவ்தானே ஃபார்மட் ஆகும்” என்று விண்டோஸ் பழக்கத்தில் நம்பி, டி டிரைவில் வைத்திருந்த குடும்பப் படங்களை இழந்தவர்களை எனக்குத் தெரியும். விண்டோஸ் கட்டாயம் வேண்டும் என்றால் பக்கத்தில் போடலாம். வேண்டாமென்றால் அழித்துவிடுவதே சுத்தம். பேர், பாஸ்வேர்ட் கொடுத்தால் முடிந்தது. ஹார்டு டிஸ்க்கில் அரை மணி நேரம் போல ஆகும்.

எல்லாம் முடிந்தது என்று பிரவுசரைத் திறந்தால் ஒரு பக்கமும் வரவில்லை. ‘இணைப்பு பாதுகாப்பானது இல்லை’ என்று திரும்பத் திரும்பச் சொன்னது. நெட் இருக்கிறது, வைஃபை முழுக் கோடு காட்டுகிறது. அரை மணி நேரம் எங்கெங்கோ தேடினேன். கடைசியில் வலது மூலையைப் பார்த்தேன்: தேதி, பல வருடம் பின்னால் ஒரு ஜனவரி 1. போர்டில் இருக்கும் சட்டைப் பொத்தான் அளவு சிஎம்ஓஎஸ் பேட்டரி செத்தால் லேப்டாப்புக்கு நாள் மறந்துவிடும். இணையத் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று ஒரு கணக்கு உண்டு. லேப்டாப்பின் தேதி அதற்கு வெளியே இருந்தால் பிரவுசர் கதவைச் சாத்திவிடும். தேதியைச் சரிசெய்ததும் எல்லாம் திறந்தது. பெரும்பாலும் சிஆர்2032 என்ற வட்ட செல்தான் அது, கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். சில லேப்டாப்பில் வயரோடு வரும். இதைத் தெரியாமல் ‘லினக்ஸில் நெட் வேலை செய்யாது’ என்று முடிவுகட்டியவர்கள் இருக்கிறார்கள்.

அக்காவுக்கு வேண்டியது பிளவுஸ் கட்டிங் வீடியோ பெரிய திரையில். யூடியூபைத் திறந்தால் படம் வெட்டி வெட்டி ஓடியது. இதற்கும் காரணம் உண்டு. யூடியூப் இப்போது விபி9, ஏவி1 என்ற புதிய வடிவங்களில் வீடியோவை அனுப்புகிறது. பழைய லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் சில்லுக்கு எச்.264 என்ற பழைய வடிவத்தை மட்டும் தானாகப் பிரிக்கத் தெரியும். மற்றவற்றைப் பிராசஸரே மூச்சு முட்டப் பிரிக்க வேண்டியிருக்கும். எச்264ஐஃபை என்ற எக்ஸ்டென்ஷனைப் பிரவுசரில் சேர்த்தால், எச்.264 மட்டும் அனுப்பும்படி யூடியூபிடம் அது கேட்கும். சேர்த்து, தரத்தை 480-க்கு இறக்கியதும் கத்தரி துணியில் போகும் கோடு வரை தெளிவாகத் தெரிந்தது.

அப்படியும் இரண்டாவது டேப் திறந்தால் திணறியது. மேசையைப் பெரிதாக்காமல் முடியாது என்று தெரிந்தது. அடுத்த வாரம் சென்னை போனபோது ரிச்சி தெருவில் 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தேன். இரண்டு லைனிங் பிளவுஸ் தைக்கும் கூலி அளவுதான் ஆனது. ரேமில் டிடிஆர்3, டிடிஆர்3எல் என்று மின்னழுத்தம் வேறுபட்ட வகைகள் உண்டு. பழைய ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போய்க் கடையில் காட்டுவது நல்லது. இன்னும் காசு இருந்தால் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி போட வேண்டும். மாடியிலிருந்த பீரோ கைக்கெட்டும் அலமாரியாக மாறுவது அப்போதுதான். உண்மையைச் சொல்வதானால், பழைய லேப்டாப்பில் கண்ணுக்குத் தெரியும் வேக மாற்றத்தில் பெரும்பங்கு எஸ்எஸ்டியால் வருவது. லைட் இயங்குதளம் இரண்டாவது. செலவே இல்லாதது என்பதால் இரண்டாவதை முதலில் செய்யச் சொல்கிறேன்.

இனி, யாருக்கு இது ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டேலியில் கணக்கெழுதுகிறவர், ஃபோட்டோஷாப்பிலும் கோரல் டிராவிலும் பிழைப்பு நடத்துகிறவர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி வரித்தாக்கல் செய்கிறவர் இந்தப் பக்கம் வர வேண்டாம். ஒயின் என்ற மென்பொருளின் வழியே சில விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டலாம் என்பது சரி. தினசரிச் சோற்றை அதன் மேல் வைக்கக் கூடாது. சில பழைய லேசர் பிரின்டர்களும் லினக்ஸோடு ஒத்துவராது, லைவிலேயே சோதித்துவிடலாம். எழுத, படிக்க, பில் அடிக்க, வீடியோ பார்க்க, படிவம் நிரப்ப என்றால் தாராளமாக வரலாம். லிப்ரே ஆஃபீஸில் வேர்டு, எக்செல் கோப்புகள் திறக்கும். வடிவம் அங்கங்கே கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. முடியும். ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பும் அதற்கான எம்17என் தொகுப்பும் போட்டால் தமிழ்99, தட்டச்சுப் பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை மூன்றும் வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பைக் காப்பி செய்து போட்டாலே படிக்கலாம். யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுவது இன்னும் நல்லது.

32 பிட் பற்றிய குழப்பம் ஒன்று பாக்கி. விண்டோஸின் சிஸ்டம் பக்கத்தில் 32 பிட் என்று பார்த்துவிட்டு, லேப்டாப்பே 32 பிட் என்று நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டுமே வந்தது. அது ஓடிய லேப்டாப்பின் பிராசஸர் 64 பிட்டாக இருக்கலாம். விண்டோஸ் 10-இல் அதே வரியில் பிராசஸர் எக்ஸ்64 என்று தனியாகவே எழுதியிருக்கும். சந்தேகமென்றால் 64 பிட் பென்டிரைவைச் செருகிப் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் அதுவே சொல்லிவிட்டு நின்றுவிடும், கெடுதல் எதுவுமில்லை. நிஜமாகவே 32 பிட் பிராசஸர் என்றால் வழி குறுகிவிட்டது. உபுண்டு 2017-இலேயே அதற்கான டெஸ்க்டாப் பதிப்பை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-உம் 32 பிட் நிறுவியைக் கைவிட்டது. அப்படிப்பட்டதில் பாட்டுக் கேட்கலாம், தட்டச்சுப் பழகலாம். அதற்கு மேல் வற்புறுத்துவதில் பயனில்லை.

அக்காவின் லேப்டாப் இப்போது தையல் மெஷினுக்கு எதிரே, ஸ்டூல் மேல் இருக்கிறது. ஆன் செய்தால் ஒன்றரை நிமிடத்தில் மெனு வருகிறது. எஸ்எஸ்டி தீபாவளி சீசன் கூலி வந்ததும் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். திரையின் பின்னணியில் சைக்கிள் படம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கித் தூசி தட்டுங்கள். பேட்டரியைப் பாருங்கள். ஓடவே ஓடாது என்று தெரிந்தால், குப்பையில் போடாமல் மின்கழிவு எடுக்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுங்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்குமுன் ஹார்டு டிஸ்க்கிலுள்ள படங்களை எடுத்து வைத்துவிடுங்கள்.